இரவைப் பகலாக்கிய ராக்கெட்... அந்த வெளிச்சம் யார் பக்கம்?

ராத்திரி கரண்ட் போயிடுச்சு. தெரு முழுக்கக் கும்மிருட்டு. கீழே ஏதோ சத்தம். மொபைல் டார்ச்சை ஆன் பண்ணி பால்கனியிலிருந்து எட்டிப் பார்க்கிறீர்கள். உங்களுக்குத் தெரிவது பத்து, இருபது அடி தூரம்தான். ஆனால், தெருக்கோடியில் நிற்கிற ஆளுக்கு நீங்கள் எந்த வீட்டில், எந்த மாடியில் நிற்கிறீர்கள் என்பது அப்பட்டமாகத் தெரியும்.

நம் தெருவில் இது ஒரு பெரிய விஷயமே இல்லை. அதே இருட்டு போர்க்களத்தில் இருந்தால்? எதிரி எங்கே இருக்கிறான் என்று பார்க்க வெளிச்சம் வேண்டும். ஆனால், விளக்கைக் கொளுத்தியவன்தான் முதலில் சுடப்படுவான். எதிரியைப் பார்க்கணும், ஆனா நாம மாட்டிக்கக் கூடாது. இந்தச் சிக்கலுக்கு ராணுவங்கள் 200 வருடங்களுக்கும் மேலாக விடை தேடியிருக்கின்றன. அந்தத் தேடலில் பிறந்ததுதான், வானத்துக்குப் போய் வெடித்து, பாராசூட்டில் தொங்கியபடி எரியும் வெளிச்ச ராக்கெட். 'ஃப்ளேர்' என்று சினிமாக்களிலும் வீடியோ கேம்களிலும் நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

பார்க்க அழகாக இருக்கும். ஆனால், அதன் கதை அவ்வளவு அழகானது இல்லை.

சென்னை பார்த்த சர்ச் லைட்

ராக்கெட்டுக்குப் போவதற்கு முன்னால், நேரடியாக விளக்கு அடிப்பதில் என்ன பிரச்னை என்று பார்த்துவிடலாம். அதற்கு நம்ம ஊரிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது.

1914 செப்டம்பர் 22, இரவு ஒன்பதரை மணி வாக்கில், ஜெர்மனியின் எம்டன் கப்பல் சத்தமில்லாமல் மெட்ராஸ் கடற்கரைக்கு வந்தது. கேப்டன் கார்ல் ஃபான் முல்லர் சர்ச் லைட்டைப் போடச் சொன்னார். வெளிச்சம் துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருந்த பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய் டேங்க்குகள் மேல் விழுந்தது. அடுத்து நூற்றுக்கும் மேற்பட்ட குண்டுகள். டேங்க்குகள் பற்றி எரிந்தன. ஊரே பீதியில் உறைந்தது. 'ஆள் பெரிய எம்டன்பா' என்று இன்றைக்கும் நாம் சொல்வது அந்த ராத்திரியின் மிச்சம்தான்.

ஆனால், எம்டனால் அங்கே அதிக நேரம் நிற்க முடியவில்லை. கரையிலிருந்த பீரங்கிகள் பதிலுக்குச் சுட்டன. வந்த வேலை முடிந்ததும் கப்பல் இருட்டுக்குள் மறைந்துவிட்டது. ஏன்னா, சர்ச் லைட் என்பது ஒரு நேர்க்கோடு. ஒரு முனையில் இலக்கு இருந்தால், மறு முனையில் விளக்கைப் பிடித்தவர் இருப்பார். கோட்டைப் பின்தொடர்ந்து சுட்டால் போதும்.

அப்போ என்ன செய்யலாம்? விளக்கு நம்ம கையில் இருக்கக் கூடாது. அது நம்மை விட்டு வெகு தூரம் போய், எதிரியின் தலைக்கு மேலே எரிய வேண்டும். இங்கேதான் ராக்கெட் வருகிறது.

தீபாவளி ராக்கெட்டின் பெரியண்ணன்

பாட்டிலில் வைத்துக் கொளுத்துகிற தீபாவளி ராக்கெட்டை நினைத்துக்கொள்ளுங்கள். அடியில் இருக்கும் மருந்து எரிந்து அதை மேலே தள்ளும். உச்சிக்குப் போனதும் தலையில் இருக்கும் மருந்து பற்றிக்கொண்டு, பூவாக விரியும். இரண்டு, மூன்று விநாடியில் எல்லாம் முடிந்துவிடும்.

வெளிச்ச ராக்கெட்டின் உடம்பும் கிட்டத்தட்ட இதேதான். வித்தியாசம் தலையில் இருக்கிறது. அங்கே கெட்டியாக அமுக்கி அடைக்கப்பட்ட ஒரு மருந்துக் கட்டியும், மடித்து வைத்த ஒரு பாராசூட்டும் இருக்கும். ராக்கெட் தேவையான உயரத்தை எட்டியதும் ஒரு சின்ன வெடி இரண்டையும் வெளியே தள்ளும். பாராசூட் விரியும். மருந்துக் கட்டி அதன் கீழே தொங்கிக்கொண்டு எரிய ஆரம்பிக்கும். மெழுகுவத்தி மாதிரி ஒரு பக்கத்திலிருந்து மெதுவாக எரிந்துகொண்டே வருவதால், அரை நிமிடத்திலிருந்து சில நிமிடங்கள் வரை வெளிச்சம் கிடைக்கும்.

எந்த உயரத்தில் விரிய வேண்டும் என்பதில் ஒரு கணக்கு இருக்கிறது. மிக உயரத்தில் விரிந்தால் பெரிய பரப்பில் வெளிச்சம் விழும். ஆனால் மங்கலாக இருக்கும். உயரம் இரண்டு மடங்கானால், நேர் கீழே விழும் வெளிச்சம் நான்கில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். ரொம்பத் தாழ்வாக விரிந்தால் பளிச்சென்று இருக்கும். ஆனால் சின்ன வட்டம்தான் தெரியும், சீக்கிரம் தரையையும் தொட்டுவிடும்.

இன்னொரு பெரிய பிரச்னை காற்று. பாராசூட்டுக்கு ஸ்டீயரிங் கிடையாது. எதிரியின் தலைக்கு மேல் விட்ட வெளிச்சத்தைக் காற்று திருப்பிக்கொண்டு வந்து, விட்டவனின் தலைக்கு மேலேயே நிறுத்திவிடும். இந்த விஷயத்தை ஞாபகம் வெச்சுக்கோங்க. பின்னால் வருகிற எல்லாக் கதைகளிலும் இது ஏதோ ஒரு வடிவத்தில் எட்டிப் பார்க்கும்.

மைசூரில் எரிந்த நீல வெளிச்சம்

ராணுவ ராக்கெட்டின் கதையில் தென்னிந்தியாவுக்கு ஒரு முக்கியமான இடம் உண்டு. ஹைதர் அலியும் அவர் மகன் திப்பு சுல்தானும் இரும்புக் குழாயில் வெடிமருந்தை அடைத்து, நீளமான மூங்கிலில் கட்டி ஏவினார்கள். 1780 செப்டம்பரில், காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பொள்ளிலூரில் கர்னல் வில்லியம் பெய்லியின் படை மைசூர்ப் படையிடம் படுதோல்வி அடைந்தது. அந்தப் போரிலும் ராக்கெட்டுகள் பறந்தன.

நம் கதைக்கு அதைவிட முக்கியமானது, 1799 ஏப்ரலில் ஸ்ரீரங்கப்பட்டணம் முற்றுகையின்போது நடந்த ஓர் இரவுச் சண்டை. பின்னாளில் வாட்டர்லூவில் நெப்போலியனை வீழ்த்திய ஆர்தர் வெல்லஸ்லி, அப்போது இளம் கர்னல். சுல்தான்பேட்டைத் தோப்பைப் பிடிக்க இருட்டில் தன் ஆட்களோடு உள்ளே போனார். வழி தெரியவில்லை. எதிரி எங்கே இருக்கிறான் என்றும் தெரியவில்லை. ஆனால், மைசூர்க்காரர்களுக்குத் தெரிந்தது. நீல வெளிச்சம் எரியும், அடுத்த நொடி ராக்கெட் மழை பெய்யும் என்று ஒரு பிரிட்டிஷ் அதிகாரி பின்னர் எழுதிவைத்திருக்கிறார். வெல்லஸ்லிக்கு முழங்காலில் அடிபட்டது. அன்றைய தாக்குதல் தோற்றது.

வெளிச்சம் போட்டுக் காட்டு, உடனே அடி. நவீன ராணுவங்கள் பிற்காலத்தில் பக்கம் பக்கமாக எழுதிவைத்த உத்தியின் சுருக்கம் அந்தத் தோப்பிலேயே நடந்துவிட்டது.

ஒரு மாதத்துக்குள் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தது. திப்பு கொல்லப்பட்டார். பிரிட்டிஷார் கைப்பற்றிய மைசூர் ராக்கெட்டுகள் இங்கிலாந்தின் வுல்விச் ஆயுதக் கூடத்துக்குப் போயின. அதன்பின் வில்லியம் காங்கிரீவ் என்பவர் ராக்கெட் ஆய்வில் இறங்கி, தன் பெயரிலேயே புகழ்பெற்ற ராக்கெட்டை உருவாக்கினார். 1807-ல் கோபன்ஹேகன் நகரத்தின் மீதும், 1814-ல் அமெரிக்காவின் பால்டிமோர் கோட்டை மீதும் பறந்தவை அவைதான். எரிப்பதற்கும் வெடிப்பதற்கும் மட்டுமல்ல, தலையில் பாராசூட்டோடு ஒளிப்பந்தை வைத்து அனுப்பும் வடிவத்தையும் அவர் உருவாக்கினார். இன்றைய வெளிச்ச ராக்கெட்டின் தாத்தா அது.

வெள்ளை வெளிச்சத்தின் ரகசியம்

அந்தக் காலத்து ஒளிப்பந்துகளில் ஒரு குறை இருந்தது. வெளிச்சம் போதவில்லை. வெடியுப்பு, கந்தகம் போன்றவற்றை வைத்து எவ்வளவு முயன்றாலும் அது ஒரு பெரிய மத்தாப்பு அளவைத் தாண்டவில்லை.

ஆட்டத்தை மாற்றியது மக்னீசியம். ஸ்கூல் கெமிஸ்ட்ரி லேபில் அந்தச் சின்ன ரிப்பனைக் கொளுத்தியபோது, 'நேரா பார்க்காதீங்க' என்று டீச்சர் சொன்னது ஞாபகம் இருக்கா? அதேதான். 1808-ல் ஹம்ஃப்ரி டேவி இந்த உலோகத்தைப் பிரித்தெடுத்தார். 1860-களில் விற்பனைக்கே வந்தது. முதலில் அதைக் கொண்டாடியவர்கள் போட்டோகிராபர்கள். இருட்டு அறையில் படம் எடுக்க மக்னீசியத்தைக் கொளுத்தினார்கள். அதாவது, உங்கள் போன் கேமரா ஃப்ளாஷின் முன்னோரும் இதுதான்.

ராணுவ ஃப்ளேரில் மக்னீசியப் பொடியோடு சோடியம் நைட்ரேட்டைக் கலக்கிறார்கள். மக்னீசியம் எரிய ஆக்ஸிஜன் வேண்டும். அதை நைட்ரேட்டே கொடுத்துவிடும். வெளிக்காற்றை நம்பி இருக்க வேண்டியதில்லை. சோடியம் வெளிச்சத்தை இன்னும் கூட்டிக் கொடுக்கும். வியட்நாம் போரில் அமெரிக்கா பயன்படுத்திய மார்க் 24 என்ற ஃப்ளேர், சுமார் 20 லட்சம் மெழுகுவத்திகளை ஒன்றாகக் கொளுத்தியதற்குச் சமமான வெளிச்சத்தைக் கிட்டத்தட்ட மூன்று நிமிடங்கள் கொடுத்தது.

ஆனால், காற்று இல்லாமலே எரியும் என்பதன் மறுபக்கத்தையும் யோசியுங்கள். மூடி அணைக்க முடியாது. தண்ணீர் ஊற்றினாலும் அடங்காது. கொதிக்கும் மக்னீசியம் தண்ணீரோடு சேர்ந்தால் ஹைட்ரஜன் வாயு வெளியாகி, நிலைமை இன்னும் மோசமாகும். இதன் விலை என்ன என்பதைக் கொஞ்சம் பின்னால் பார்ப்போம்.

அசையாதே!

முதல் உலகப் போரில் ஐரோப்பாவின் மேற்கு முனையில் இரண்டு தரப்பும் பதுங்குகுழிகளில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தன. நடுவில் இருந்த வெற்று நிலத்தில் பகலில் தலையை நீட்டினால் சாவுதான். அதனால் முள்கம்பி கட்டுவது, காயம்பட்டவர்களைத் தூக்கிவருவது, வேவு பார்ப்பது என எல்லா வேலையும் இரவுக்கு மாறியது. அதைத் தடுக்க, இரவு முழுக்க வானத்தில் வெளிச்சத்தை ஏவிக்கொண்டே இருந்தார்கள். கைத்துப்பாக்கியிலிருந்து சுடும் ஒளிக்குண்டும் பரவலாக இருந்தது. 1877-ல் அதை வடிவமைத்த அமெரிக்கக் கடற்படை அதிகாரி எட்வர்ட் வில்சன் வெரியின் பெயராலேயே அதை 'வெரி லைட்' என்றார்கள்.

வெளிச்சம் விரியும்போது வெட்டவெளியில் நிற்கிற சிப்பாய் என்ன செய்வார்? ஓடுவாரா? கூடாது. ஏவுகிற சத்தம் கேட்டதுமே, வெளிச்சம் வருவதற்குள் தரையில் விழுந்துவிட வேண்டும். அதற்குள் வெளிச்சம் வந்துவிட்டால், எந்த நிலையில் இருக்கிறாரோ அப்படியே சிலையாக நிற்க வேண்டும். ஒரு காலைத் தூக்கியிருந்தால்கூட அப்படியேதான். காரணம், நம் கண் முதலில் கவனிப்பது அசைவை. அசையாத மனிதன், மரத்தின் அடிக்கட்டையாகவோ கம்பமாகவோ எதிரிக்குத் தோன்ற வாய்ப்பு இருக்கிறது.

இதில் இன்னொரு குழப்பமும் உண்டு. பாராசூட்டில் தொங்கும் ஃப்ளேர் ஊஞ்சல் மாதிரி ஆடும். அது ஆட ஆட, தரையில் உள்ள கம்பங்களின் நிழல்களும் ஆடும். காவல் நிற்பவருக்கு ஒரு கூட்டமே ஓடிவருவதுபோலத் தெரியும். இல்லாத எதிரியைப் பார்த்துச் சுடுவதும், இருக்கிற எதிரியைக் கம்பம் என்று விட்டுவிடுவதும் இப்படித்தான் நடக்கும்.

கண்ணுக்கும் ஒரு விலை இருக்கிறது. இருட்டுக்கு நம் கண் முழுதாகப் பழக அரை மணி நேரம் ஆகும். ஒரு ஃப்ளேர் அதைச் சில விநாடிகளில் காலி பண்ணிவிடும். நடுராத்திரி போன் ஸ்கிரீனை முழு பிரைட்னஸில் பார்த்துவிட்டு நிமிர்ந்தால் அறையே கறுப்பாகத் தெரியுமே, அதன் பல மடங்கு. அதனால்தான் ஃப்ளேர் எரியும்போது ஒரு கண்ணை மூடிக்கொள் என்று சிப்பாய்களுக்குச் சொல்லித்தருகிறார்கள். வெளிச்சம் அணைந்த பிறகு அந்தக் கண்ணாவது இருட்டைப் பார்க்கும்.

கவனிச்சீங்களா? ஃப்ளேர் அணைந்த அடுத்த நிமிடம், அதை ஏவியவனும் குருடன்தான்.

காப்பாற்ற விட்ட ராக்கெட்... காட்டிக்கொடுத்த கதை

இரண்டாம் உலகப் போர். அட்லாண்டிக் கடலில் பிரிட்டனுக்குப் போகும் சரக்குக் கப்பல்களை ஜெர்மன் நீர்மூழ்கிகள் வேட்டையாடிக்கொண்டிருந்தன. அவை பெரும்பாலும் இரவில், தண்ணீருக்கு மேலே வந்துதான் தாக்கும். தண்ணீருக்கு அடியில் ஒலியை அனுப்பித் தேடும் கருவியால் மேலே இருக்கும் நீர்மூழ்கியைக் கண்டுபிடிப்பது கஷ்டம். கறுப்புக் கடலில் தாழ்வாக மிதக்கும் அந்தச் சின்ன உருவம் கண்ணுக்கும் தெரியாது.

இதற்குத் தீர்வாகக் கப்பல்களுக்குக் கொடுக்கப்பட்டதுதான் 'ஸ்னோஃப்ளேக்' என்ற வெளிச்ச ராக்கெட். தாக்குதல் நடந்தால் உடனே ஏவுங்கள், கடல் பகலாகிவிடும், நீர்மூழ்கி மாட்டிக்கொள்ளும் என்பது திட்டம். பேப்பரில் பார்த்தால் பக்கா!

1941 டிசம்பர் 14 அன்று, ஜிப்ரால்டரிலிருந்து பிரிட்டனுக்கு ஹெச்.ஜி. 76 என்ற கப்பல் தொகுதி கிளம்பியது. அதற்குப் பாதுகாப்பாக ஒரு புது மாதிரிக் கப்பலும் போனது. பெயர் அடாசிட்டி. ஜெர்மனியிடமிருந்து கைப்பற்றிய சரக்குக் கப்பலின் மேல்தளத்தைத் தட்டையாக்கி, விமானங்கள் ஏறி இறங்க வழி செய்திருந்தார்கள். பகலில் அந்த விமானங்கள் நீர்மூழ்கிகளைத் தேடித்தேடி விரட்டின. தொகுதியின் பெரிய பலமே அதுதான்.

டிசம்பர் 21 இரவு. தொகுதியிலிருந்த ஒரு சரக்குக் கப்பல் டார்பிடோவில் அடிபட்டது. பதற்றத்தில் ஒரு வணிகக் கப்பல், சொல்லிக்கொடுத்தபடியே ஸ்னோஃப்ளேக்கை ஏவியது. கடல் பகலானது. தொகுதியை விட்டு விலகி, இருட்டைப் போர்த்திக்கொண்டு போன அடாசிட்டி அந்த வெளிச்சத்தில் கறுப்பு உருவமாகப் பளிச்சென்று தெரிந்தது. பார்த்துக்கொண்டிருந்தது யு-751 என்ற நீர்மூழ்கி. அது விட்ட டார்பிடோக்களில் அடாசிட்டி மூழ்கியது. எழுபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள்.

ராக்கெட்டை ஏவிய கப்பல் தப்பு எதுவும் செய்யவில்லை. ராக்கெட்டும் சரியாகவே வேலை செய்தது. ஆனால், நீர்மூழ்கி சின்னது, தாழ்வானது. விமானம் தாங்கிக் கப்பல் பெரியது, உயரமானது. ஒரே வெளிச்சம் இருவர் மேலும் விழும்போது, யார் அதிகமாகத் தெரிவார்கள் என்பதை யாரும் யோசிக்கவில்லை.

ஜன்னலுக்கு முன்னால் செல்ஃபி

ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நின்று செல்ஃபி எடுத்தால் என்ன ஆகும்? முகம் இருட்டாகிவிடும். ஆனால், உங்கள் தலை, தோள், உடம்பின் ஓரங்கள் எல்லாம் கத்தரித்து ஒட்டினதுபோலத் தெளிவாகத் தெரியும். போட்டோவுக்கு அது கெடுதல். குறிபார்ப்பவருக்கு அதுதான் வேண்டும்.

அதனால்தான் கடற்படைகள் எதிரிக் கப்பலுக்கு முன்னால் அல்ல, அதற்குப் பின்னால் வெளிச்சத்தை விரிக்கப் பழகின. எதிரி வெளிச்சத்துக்கும் நமக்கும் நடுவில் இருக்க வேண்டும். நாம் இருட்டிலேயே இருக்க வேண்டும்.

1943 டிசம்பர் 26 அன்று, நார்வேக்கு வடக்கே, நாள் முழுக்கச் சூரியனே எழாத ஆர்க்டிக் குளிர்காலத்தில், ஜெர்மனியின் ஷார்ன்ஹோர்ஸ்ட் போர்க்கப்பல் போய்க்கொண்டிருந்தது. மாலை ஐந்து மணிக்குச் சற்று முன்னால், பிரிட்டிஷ் கப்பலான பெல்ஃபாஸ்ட் பீரங்கியிலிருந்து ஒளிக்குண்டுகளைச் சுட்டது. ராக்கெட்டுக்குப் பதில் பீரங்கி, உள்ளே அதே பாராசூட், அதே வெளிச்சம். ஷார்ன்ஹோர்ஸ்ட் முழுதாகத் தெரிந்தது. அதன் பெரிய பீரங்கிகள் எந்தப் பக்கமும் குறிவைக்காமல் சும்மா இருந்தன. எதிரி இவ்வளவு பக்கத்தில் இருப்பது அதற்குத் தெரியவில்லை. டியூக் ஆஃப் யார்க் போர்க்கப்பல் சுட ஆரம்பித்தது. இரவு எட்டு மணிக்குள் எல்லாம் முடிந்தது. ஷார்ன்ஹோர்ஸ்ட்டில் இருந்த 1,968 பேரில் உயிரோடு மீட்கப்பட்டவர்கள் 36 பேர்.

அந்த பெல்ஃபாஸ்ட் இன்றைக்கு லண்டனில், தேம்ஸ் நதியில் மிதக்கும் மியூசியம். டூரிஸ்ட்டுகள் அதற்கு முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள்.

கீழே இருந்தவர்கள் வைத்த பெயர்

இதே வெளிச்சம் விமானத்திலிருந்தும் இறங்கியது. 1941-ல் பிரிட்டன் தன் இரவுக் குண்டுவீச்சை ஆராய்ந்து பார்த்தது. இலக்கைத் தாக்கிவிட்டோம் என்று சொன்ன விமானங்களில் மூன்றில் ஒன்றுதான் இலக்குக்கு எட்டு கிலோமீட்டர் சுற்றளவுக்குள்ளாவது போயிருந்தது. அடுத்த ஆண்டு, முன்னால் பறந்துபோய் வெளிச்சத்தாலும் வண்ணத் தீயாலும் இலக்கை அடையாளம் காட்டுவதற்கென்றே ஒரு தனிப் படையை உருவாக்கினார்கள். அவர்கள் காட்டிய இடத்தில், பின்னால் வந்தவர்கள் குண்டுகளைக் கொட்டினார்கள்.

கொத்துக்கொத்தாக வண்ணத்தில் எரிந்தபடி இறங்கிய அவற்றுக்கு ஜெர்மன் மக்கள் வைத்த பெயர், 'கிறிஸ்துமஸ் மரங்கள்'. பார்க்க அவ்வளவு அழகு. ஆனால், அது தலைக்கு மேலே தெரிந்தால் நிலவறைக்கு ஓட வேண்டும் என்பது குழந்தைகளுக்கும் தெரிந்திருந்தது. 1945 பிப்ரவரி 13 இரவு டிரெஸ்டன் நகரத்தின் மேலும் முதலில் இறங்கியது வெளிச்சம்தான். அந்தத் தாக்குதல்களில் இறந்தவர்கள் 25,000 பேர் வரை இருக்கும். ராணுவ பாஷையில் 'இலக்கு' என்று எழுதப்பட்டிருந்த இடத்தில் வீடுகளும் இருந்தன.

சொந்த வீட்டில் பிடித்த தீ

தண்ணீருக்கும் அடங்காத மக்னீசியம் பற்றிச் சொன்னோமே... அந்தக் கதை இதுதான். 1966 அக்டோபர் 26. வியட்நாம் கடல் பகுதியில் அமெரிக்காவின் ஓரிஸ்கனி விமானம் தாங்கிக் கப்பல். பயன்படுத்தாத மார்க் 24 ஃப்ளேர்களை மாலுமிகள் திரும்ப அறையில் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். ஒன்றின் கயிறு தவறுதலாக இழுபட்டு, பற்றிக்கொண்டது. பதறிப்போன மாலுமி அதை அந்த அறைக்குள்ளேயே எறிந்து கதவைச் சாத்தினார். உள்ளே நூற்றுக்கணக்கான ஃப்ளேர்கள்.

கடலில் தூக்கி எறிந்திருந்தால் ஒரு ஃப்ளேரோடு போயிருக்கும். தீயும் புகையும் கப்பலுக்குள் பரவியதில் 44 பேர் இறந்தார்கள். நிறைய பேர் இறந்தது நெருப்பில் இல்லை, தங்கள் அறைகளில் புகையில் மூச்சுத்திணறி. எதிரி ஒரு குண்டுகூடச் சுடவில்லை.

கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம்

'இப்பதான் நைட் விஷன் இருக்கே, இதெல்லாம் எதுக்கு?' என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. இருட்டில் பார்க்கும் கருவிகள் வந்த பிறகு ஃப்ளேரின் வேலை குறைந்தது உண்மை. ஆனால், சுத்தமாக ஒழிந்துவிடவில்லை. ஹெலிகாப்டரிலிருந்து ஏவும் 70 மில்லிமீட்டர் ராக்கெட்டுகளில் இன்றும் வெளிச்ச வகை உண்டு. இந்தியா-பாகிஸ்தான் எல்லையில் இரவில் ட்ரோன் சத்தம் கேட்டால், நம் எல்லைப் பாதுகாப்புப் படையினர் ஒளிக்குண்டுகளை ஏவித் தேடுவதை நியூஸில் நீங்களே படித்திருப்பீர்கள்.

கூடவே, இன்னொரு புத்திசாலித்தனமான வகையும் வந்தது. அகச்சிவப்பு ஃப்ளேர். அது எரிவது வெறும் கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது. நைட் விஷன் கருவி வழியாகப் பார்ப்பவருக்கு மட்டும் நிலம் முழுக்க வெளிச்சம். எதிரி இருட்டிலேயே இருப்பான். 200 வருடத் தேடலுக்கு விடை கிடைத்துவிட்டது போலத்தானே இருக்கிறது?

எதிரியிடம் அந்தக் கருவி இல்லாதவரைக்கும் அப்படித்தான். அவனும் ஒன்றை மாட்டிக்கொண்டால், பழைய கதை முதலிலிருந்து ஆரம்பிக்கும். ஸ்னோஃப்ளேக் ராக்கெட்டுக்கும் இதற்கும் வித்தியாசமே இருக்காது. வெளிச்சத்துக்கு எதிரி யார், நண்பன் யார் என்று தெரியாது. அதில் நிற்பவரைக் காட்டும், அவ்வளவுதான்.

சிவப்பாக எரிந்தால்...

கடைசியாக, இதே ராக்கெட்டின் இன்னொரு முகம். ஆபத்தில் இருக்கும் கப்பல்கள் உதவி கேட்டு ஏவும் சிவப்பு பாராசூட் ராக்கெட். உள்ளே இருப்பது அதே தொழில்நுட்பம்தான். சர்வதேசக் கடல் பாதுகாப்பு விதிகளின்படி, அது குறைந்தது 300 மீட்டர் உயரம் போக வேண்டும். 30,000 கேண்டெலா வெளிச்சத்தோடு, 40 விநாடிகளாவது எரிய வேண்டும். விநாடிக்கு ஐந்து மீட்டருக்கு மேல் வேகமாக இறங்கக் கூடாது. கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்த 40 விநாடிகளில் 200 மீட்டர்தான் இறங்கும். மீதி 100 மீட்டர் உயரத்தில் இருக்கும்போதே அணைந்துவிடும். எரிகிற கட்டி உதவி கேட்டவரின் படகு மேலேயே விழுந்துவிடக் கூடாது இல்லையா? பெரிய கப்பல்களின் கட்டுப்பாட்டு அறைப் பக்கத்தில் இப்படிப் பன்னிரண்டாவது தயாராக இருக்க வேண்டும் என்பது விதி.

இவ்வளவு நேரம் பார்த்த எல்லாரும், தான் தெரியக் கூடாது என்று நினைத்துத்தான் ராக்கெட்டை ஏவினார்கள். இவர் ஒருவர் மட்டும், 'நான் இங்கே இருக்கிறேன், யாராவது பாருங்கள்' என்று ஏவுகிறார். அவருக்கு இருப்பது 40 விநாடிகள்.

அதனால, என்னைக்காவது ராத்திரி பீச்சில் உட்கார்ந்திருக்கும்போது, கடல் மேலே சிவப்பாக ஒன்று எரிந்துகொண்டே மெதுவாக இறங்குவதைப் பார்த்தால், ரீல்ஸ் எடுக்க போனை எடுக்காதீர்கள். எந்தத் திசையில், எத்தனை மணிக்குப் பார்த்தீர்கள் என்பதை மனதில் குறித்துக்கொண்டு, இந்தியக் கடலோரக் காவல்படையின் 1554 எண்ணுக்கு உடனே போன் பண்ணுங்கள்.